ஒரு பல்

காக்கி புக்கிட், ஐந்தாம் மாடிப் பட்டறை.
வேன் ஏறிவரச் சரிவுப்பாதை வைத்தவர்கள்
காற்று ஏறிவர ஒன்றும் வைக்கவில்லை.

திரு ஓங்கின் வண்டி வாய் பிளந்து நிற்கிறது.
விடிகாலை நான்குக்குத் தௌஃபு தட்டுகளோடு
மூன்று சந்தை போகவேண்டிய வண்டி.
சிஓஇ முடியப் பதினான்கு மாதம்.
மறுபடி நீட்டிக்க முடியாது.
அன்றைக்கு இதை நசுக்கிக் கட்டியாக்குவார்கள்,
நான் போட்ட புது வால்வுகளோடு,
ஹஃபீஸ் இரண்டு நாள் தேய்த்த சிலிண்டர் தலையோடு.
ஓங் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்:
பதினான்கு மாதம் ஓடினால் போதும்.

கீழே கிராங்கில் இருபது பல்.
மேலே கேமில் நாற்பது.
கீழே இருப்பவன் இரண்டு முறை ஓடினால்
மேலே இருப்பவன் ஒருமுறை திரும்புவான்.
இதில் அரசியல் எதுவுமில்லை,
வெறும் பல் கணக்கு.

முதல் பிஸ்டன் உச்சியில்.
புள்ளிக்கு எதிரே புள்ளி.
சங்கிலியின் நீலக் கண்ணி
குறிக்கு நேரே உட்கார்ந்தது.
டென்ஷனரின் ஊசியை உருவினேன். டக்.
தொய்வு இழுபட்டது.
கேம் கொஞ்சம் அசைந்ததுபோல் இருந்தது.
இருந்ததுபோல்தான்.

மணி ஒன்பது நாற்பது.
ஹஃபீஸ் ஹெல்மெட் மாட்டிக் கிளம்பிவிட்டான்,
பாலத்தில் நெரிசல் குறைந்திருக்குமாம்.
பிளக்குகளைக் கழற்றிய இன்ஜினைக்
கையால் இரண்டு சுற்று சுற்றினேன்.
எதுவும் முட்டவில்லை.
குனிந்து பார்த்தேன்.
கீழே குறி குறியில்.
மேலே ஒரு பல் தள்ளி.

சாய்ந்து பார்ப்பதால் அப்படித் தெரிகிறது என்றேன்.
கைப்பேசி வெளிச்சத்தை நேரே பிடித்தேன்.
நேரே பார்த்தாலும் ஒரு பல்.

ஒரு பல் என்றால் கிராங்கில் பதினெட்டுப் பாகை.
ஸ்டார்ட் ஆகும்.
நின்ற இடத்தில் லேசாக நடுங்கும்.
மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்கும்.
மூடியைப் போட்டுப் போல்ட்டுகளை முறுக்கிவிட்டால்
உள்ளே என்னவென்று எவருக்கும் தெரியாது.
ஓடும்.
அதுதான் தொல்லை, ஓடும்.

போன வருடம் சியாவ் என்றொரு வாடகைக் கார்க்காரர்.
அவருடையதை முடித்த அன்றும் இதே நேரம்தான்,
இதே அவசரம்.
சீனப் புத்தாண்டுக்கு முன் ஒருநாள்
அன்னாசி டார்ட் டப்பாவோடு வந்தார்.
அருமையா ஓடுது, என்றார்.
பின்னால் நின்றிருந்த கார் அணையாமல் இருந்தது.
நான்கு துடிப்புக்கு ஒன்று நொண்டியது.
அவருக்குக் கேட்கவில்லை.
எனக்குக் கேட்டது.
நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.
டார்ட் நன்றாகத்தான் இருந்தது.
பிறகு அவர் வரவேயில்லை.
கார் மாற்றியிருக்கலாம்.

ஓங்குக்குத் தட்டினேன்: காலை ஏழு மணி.
பதிலுக்கு ஒரு குரல்பதிவு, ஹொக்கியனில்.
எனக்குப் பாதி புரியாது.
இது முழுதும் புரிந்தது.

டென்ஷனரை அமுக்கி ஊசியைத் திரும்பச் செருகினேன்.
சங்கிலியைத் தூக்கி
கேமின் இடுப்பில் ஸ்பேனர் வைத்து
மயிரிழையாய்த் திருப்பி,
இழுபடும் பக்கத்தை முதலில் விறைப்பாக்கி
ஒரு பல் இந்தப் பக்கம் மாட்டினேன்.
டக்.

இரண்டு சுற்று.
கீழே குறியில் குறி.
மேலேயும்.
நீலக் கண்ணி மட்டும் எங்கோ போயிருந்தது.
அது குறிக்குத் திரும்ப இன்னும் எத்தனையோ சுற்று.
புதிதாய் வருபவர்கள் இதைக் கண்டுதான் பதறுவார்கள்.
பதறத் தேவையில்லை.
அது மாட்டுகிற நேரத்துக்கு மட்டும்தான் சாட்சி.

கடைசி ரயிலுக்கு இருபது நிமிடம்.
கை கழுவப் போனவன் திரும்பிவந்து
இன்னும் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தேன்.